இழுக்காத இன்ஜின்

போர்ட் கிள்ளானில் அவுட்போர்ட் இன்ஜின் பழுது பார்ப்பவனைத் தேடி வருகிற புகார் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, "தண்ணி ஒழுகுது." இன்னொன்று, "இழுக்க மாட்டேங்குது." ஒழுகினால் சீல் மாற்ற வேண்டும், இழுக்காவிட்டால் கார்பரேட்டரைக் கழுவ வேண்டும் என்று படகுக்காரர்கள் தாங்களே முடிவுகட்டிக்கொண்டு வருவார்கள். புது இன்ஜினில் அந்தக் கணக்கு சில சமயம் சரியாக வரும். இருபது, இருபத்தைந்து வருடம் உப்புத் தண்ணீரில் உழைத்த இன்ஜினில் வராது. அங்கே இரண்டு புகாருக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். போகவேண்டிய வழியில் போகாத தண்ணீர், போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கும். ஆகவே எந்தப் புகாரோடு வந்தாலும் நான் முதலில் தேடுவது தண்ணீரின் தடத்தைத்தான்.

அந்தத் தடம் சிக்கலானதல்ல. காற்றாடிக்கு மேலே, காலின் இரு பக்கமும் வரிவரியாகத் திறந்திருக்கும் வாய் வழியாகக் கடல்நீர் உள்ளே வரும். அதற்கு மேல் ஒரு சின்னப் பெட்டிக்குள் ரப்பர் இம்பெல்லர் சுற்றும். இன்ஜினிலிருந்து கியருக்கு இறங்கும் நீளமான ஷாஃப்ட்தான் அதையும் சுழற்றுகிறது. அது தள்ளும் தண்ணீர் குழாயில் ஏறி, புகைப்பாதையையும் சிலிண்டரையும் ஹெட்டையும் சுற்றி, தெர்மோஸ்டாட்டைக் கடந்து, புகையோடு கலந்து காலுக்குள் இறங்கிக் கடலுக்கே திரும்பிவிடும். வழியில் பிரிகிற ஒரு மெல்லிய கிளைதான் பின்பக்கம் தாரையாகப் பீய்ச்சுவது. 'இன்ஜின் ஒண்ணுக்குப் போகுது' என்பார்கள். அது அடித்தால் எல்லாம் நலம் என்று நம்புகிறவர்கள் ஏராளம். பம்ப் தண்ணீரை மேலே ஏற்றுகிறது என்பதற்கு மட்டும்தான் அந்தத் தாரை சாட்சி. ஹெட்டுக்குள் உப்பு அடைத்துத் தண்ணீர் சுற்றாமல் நின்றிருந்தாலும் தாரை பிரமாதமாக அடிக்கும்.

இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய இன்ஜின்களில் அதிகம் யமஹா என்டியூரோவும் சுசுகி டிடி 40உம்தான். எல்லாம் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலில் எண்ணெய் கலந்து குடிக்கிறவை, புகை கக்குகிறவை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகை விதிகள் இறுக இறுக இந்த வகை கடைகளிலிருந்து விலகிப்போனது. நம் பக்கத்து மீனவர்களுக்கு இதை விட மனமில்லை. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் குறைவு, நடுக்கடலில் ஒரு ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் இருந்தால் ஏதாவது செய்து கரை சேரலாம். யமஹா தன் முதல் அவுட்போர்ட்டை 1960இல் விற்றது. இன்றைக்கும் அதன் பழைய மாடல்களுக்குச் சாமான் கிடைக்கிறது. 1909இல் தொடங்கிய எவின்ரூட் 2020இல் நின்றே போனது. பழைய இன்ஜினைப் பிரிக்கலாமா, விற்றுவிடலாமா என்று கேட்டால் நான் முதலில் கேஸ்கெட் கிடைக்குமா என்றுதான் யோசிப்பேன். மற்ற யோசனையெல்லாம் அப்புறம்.

எங்கள் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோலாலம்பூரில் மஸ்ஜித் ஜாமெக் ஓரம் கோம்பாக் ஆற்றைச் சேர்த்துக்கொண்டு வரும் கிள்ளான் ஆறு, வழிநெடுக நகரம் கொட்டியதையெல்லாம் சுமந்து இங்கே வந்துதான் கடலில் சேருகிறது. குப்பையை வாரி எடுக்க 2019இல் ஒரு டச்சு அமைப்பு மிதக்கும் இயந்திரத்தையே இந்த ஆற்றில் கொண்டுவந்து நிறுத்தியது. வாரியது போக மிஞ்சும் பிளாஸ்டிக் பை என்னிடம் வரும் இன்ஜின்களின் தண்ணீர் வாயில் ஒட்டியிருக்கும். அதைவிடக் கெட்டது சேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இங்கே நாலு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் புலாவ் கெத்தாம் பக்கமோ பாக்காவ் காட்டு ஓடைகளிலோ போகிறவன், தெரிந்தோ தெரியாமலோ சேற்றைத்தான் பம்பில் விட்டு அரைக்கிறான். தெளிந்த தண்ணீரில் ஓடும் இம்பெல்லர் இரண்டு மூன்று வருடம் தாங்கலாம். இங்கே வருடத்துக்கு ஒன்று மாற்றிவிடுவது லாபம். சில பத்து வெள்ளிச் சாமானைச் சேமிக்கப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஹைனான் சீனக் கிழவர். எங்கள் இரண்டு பேருக்கும் பொது மொழி பாசார் மலாய். இன்ஜின் வந்தவுடன் மூடியைக் கழற்றப் போனால் கையைத் தட்டிவிடுவார். "தான்யா டுலு" என்பார், முதலில் கேள். எப்போது இழுக்கவில்லை? கிளம்பும்போதேவா, பத்து நிமிடம் ஓடிய பிறகா? முழு வேகத்தில் மட்டுமா, மெதுவாகப் போனாலுமா? ஒரே நாளில் வந்ததா, மாதக்கணக்கில் தேய்ந்து வந்ததா? ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்யக் கஷ்டப்பட்டதா? கியர் ஆயில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அவர் ஒரு கேள்விக்கும் பதிலை எழுதி வைத்ததில்லை. ஆனால் பதில் வந்து முடியும்போது எந்த ஸ்பேனரை எடுப்பது என்று தீர்மானித்திருப்பார்.

அந்தக் கேள்விகளின் அருமை, ஒவ்வொரு பதிலும் ஒரு பாதியை அடைத்துவிடும் என்பதுதான். குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாக இழுத்து, சூடேறிய பிறகு தளர்ந்தால் தண்ணீர் சுற்றுவதில் கோளாறு, அல்லது ஹெட் கேஸ்கெட். சூடேறினால் வேகத்தைத் தானாகவே 2000 சுற்றுக்குப் பக்கத்தில் பிடித்து நிறுத்தும் மாடல்களும் உண்டு. அதில் இன்ஜினுக்குப் பலம் குறையவில்லை, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. முழு வேகத்தில் மட்டும் மூச்சு வாங்கினால் பெட்ரோல் போதவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை ஒருவர் பிசைந்து பார்க்க வேண்டும். பிசையப் பிசைய வேகம் ஏறினால் பெட்ரோல் பம்பின் சவ்வோ, குழாயோ, தொட்டியின் காற்றுத் துவாரமோ காரணம். கார்பரேட்டரைத் தொட வேண்டியதில்லை. இன்ஜின் அலறுகிறது, படகு மட்டும் நகரவில்லை என்றால் காற்றாடியின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்குகிறது. குழல் பகுதிக்கும் இறகுப் பகுதிக்கும் குறுக்கே ஒரு கோடு பெயின்ட் அடித்து, ஒரு சுற்றுப் போய் வரச் சொன்னால் போதும். கோடு இரண்டாகப் பிரிந்து வந்தால் வேறு சோதனை வேண்டாம்.

மின்சாரக் கோளாறு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொறி வருகிறதா இல்லையா, அவ்வளவுதான். இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒரு பிளக்கின் வயரை எடுத்து எர்த் செய்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் எந்த சிலிண்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எர்த் செய்யாமல் அந்தரத்தில் விட்டால் பொறியை உண்டாக்கும் சிடிஐ பெட்டி கெட்டுப்போகலாம். அப்புறம் இல்லாத கோளாறையும் தேடவேண்டி வரும்.

பாண்டாமாரானில் ஓர் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் வந்த பணத்தில் ஒரு ஃபைபர் படகும் பழைய 40 குதிரைசக்தி இன்ஜினும் வாங்கி, சனி, ஞாயிறுகளில் தூண்டில் போடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு போவார். அவர் இன்ஜினைக் கொண்டுவந்தபோது கூடவே தீர்ப்பையும் கொண்டுவந்தார்.

"புது பிளக் போட்டாச்சு, கார்பரேட்டர் கழுவியாச்சு லா தம்பி. இன்னும் இழுக்கல. சிடிஐதான் போயிருக்கும்."

"எப்ப இழுக்கலண்ணே? கிளம்பும்போதேவா?"

"கிளம்பறப்ப சுமாரா இருக்கும். கொஞ்ச தூரம் போனா முனகும். காலைல ஸ்டார்ட் பண்ணத்தான் உயிர் போகுது."

கடைசி வாக்கியத்தை அவர் ஒரு துணைத் தகவல் மாதிரிதான் சொன்னார். எனக்கு அதுதான் முக்கியம்.

முதலில் கியர் ஆயில். கீழ்த் திருகைக் கழற்றியதும் பால் காப்பி நிறத்தில் வழிந்தது. கறுப்பாகவோ தேன் நிறமாகவோ வரவேண்டியது இப்படி வெளுத்து வந்தால் கடல்நீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். காற்றாடியைக் கழற்றினேன். ஷாஃப்டைச் சுற்றிப் பச்சை நிறத் தங்கூஸ் நரம்பு பற்றவைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. தூண்டில்காரர்களை ஏற்றும் படகில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். நரம்பு சீலின் உதட்டை அறுத்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. சீலை மாற்றுவதோடு விடக்கூடாது. காற்றடித்துச் சோதிக்க வேண்டும். திருகு ஓட்டையில் கேஜ் பொருத்தி, பத்து பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் காற்றை ஏற்றி, முழு கியர்பெட்டியையும் தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி எங்கிருந்து கிளம்புகிறது என்று காட்டிக்கொடுக்கும். அவருடையதில் காற்றாடி ஷாஃப்ட் சீலிலிருந்தும், கியர் மாற்றும் கம்பியின் சீலிலிருந்தும் கிளம்பியது. முதலாவதை மட்டும் மாற்றியிருந்தால் இரண்டு மாதத்தில் ஆயில் மறுபடி வெளுத்திருக்கும்.

ஆனால் கியர் ஆயிலில் தண்ணீர் கலந்தால் பற்சக்கரம் தேயும், பேரிங் துருப்பிடிக்கும். இழுவை குறையாது. முனகலுக்குக் காரணம் மேலே இருக்க வேண்டும்.

பிளக்குகளைக் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேல் சிலிண்டர் பிளக் எண்ணெய் ஈரத்தோடு பழுப்பாக இருந்தது, டூ-ஸ்ட்ரோக்கில் இருக்கவேண்டியபடி. கீழ் சிலிண்டர் பிளக் கடையிலிருந்து வாங்கியது போலப் பளிச்சென்றிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையும் கரியில்லாமல் வெளேரென்று இருந்தது. அண்ணன் எட்டிப்பார்த்து, "அந்த சிலிண்டர் நல்லா இருக்கு போல" என்றார். சுத்தமாக இருப்பதுதான் வில்லங்கம். உள்ளே சொட்டுகிற தண்ணீர் நெருப்பில் ஆவியாகி, கரியையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கம்ப்ரஷன் கேஜை மாட்டி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கயிற்றை இழுத்தேன். மேலே 115, கீழே 80. இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே நான் ஹெட்டைக் கழற்றுவேன். இது அதையெல்லாம் தாண்டிவிட்டது.

ஹெட்டைக் கழற்றுவது பேச்சில்தான் சுலபம். அலுமினிய உடம்புக்குள் எஃகு போல்ட், நடுவில் உப்பு. வருடக்கணக்கில் மூன்றும் சேர்ந்து ஒன்றாகிவிடும். ரெஞ்சின் பிடியில் நீளக் குழாயை மாட்டி இழுத்தால் போல்டின் தலை மட்டும் கையோடு வரும். நான் முதலில் போல்டின் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டுவேன். பிறகு சுற்றியுள்ள அலுமினியத்தை கேஸ் டார்ச்சால் சூடாக்குவேன். எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும், அந்த மயிரிழை இடைவெளி போதும். கழற்றுவதற்கு முன் ஒரு பொட்டு இறுக்க வேண்டும். க்ளிக் என்று ஒரு சத்தம் வந்தால் உப்பு உடைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு போல்டுக்கு அரை மணி நேரமானாலும் ஆகட்டும். முறிந்த போல்டைத் துளையிட்டு எடுக்கிற வேலைக்கு ஒரு நாள் போய்விடும்.

ஹெட் வந்தது. கேஸ்கெட்டில், கீழ் சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே இருக்கும் குறுகலான இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு எரிந்து அரித்திருந்தது. வெடிக்கும்போது நெருப்பு தண்ணீர்ப் பாதைக்குள் பாய்கிறது, நின்றபிறகு தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. அந்தச் சூட்டுக் காற்று தண்ணீர்ப் பாதையில் குமிழியாகப் புகுந்தால் அந்த இடத்தில் தண்ணீர் நிற்காது, ஹெட் இன்னும் சூடாகும், கேஸ்கெட் இன்னும் எரியும். தாரையைக் கவனமாகப் பார்த்தவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். சீராக அடிக்காமல் காற்றுக் கலந்து துப்பித்துப்பி வரும்.

ஏன் எரிந்தது என்று பார்க்காமல் புது கேஸ்கெட் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. தண்ணீர் வந்த வழியே கீழே இறங்கிப் போனேன். இம்பெல்லரில் இரண்டு இறகு இல்லை. பெட்டியின் எஃகுத் தகட்டில் சேறு அரைத்து வட்டவட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. புது இம்பெல்லர் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியாகத் தண்ணீர் பின்வாங்கும், ஆகவே தகடும் மாற வேண்டும். சரி, உடைந்த அந்த இரண்டு ரப்பர் துண்டு எங்கே? பம்பில் உடைந்த துண்டு தண்ணீரோடு மேலே ஏறும். அதைத் தேடி எடுக்காதவரை வேலை முடியாது. ஒன்று குழாய் முடியும் வளைவில் கிடைத்தது. இன்னொன்று தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே உப்போடு சேர்ந்து கல்லாகியிருந்தது. கடல்நீரில் ஓடும் இன்ஜின்களுக்குத் தெர்மோஸ்டாட் 50, 60 டிகிரிக்குள்ளேயே திறக்கும்படி அமைப்பார்கள். அதற்கு மேல் சூடானால் கடல்நீரிலிருக்கும் சுண்ணமும் உப்பும் சுவரில் படியத் தொடங்கும். அந்தத் தெர்மோஸ்டாட் திறக்கவே இல்லை. வெந்நீர்ச் சட்டியில் போட்டுப் பார்த்தேன், கொதிக்கிற தண்ணீரிலும் அசையவில்லை.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு ஹெட் கேஸ்கெட் மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்கொரு சந்தேகம். புகைப்பாதையின் மூடியையும் கழற்றினேன். அதற்குள்ளே இன்னொரு மெல்லிய அலுமினியத் தகடு உண்டு. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் தண்ணீர். கரியைச் சுரண்டிவிட்டு வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். ஊசி குத்தியது மாதிரி மூன்று நான்கு ஒளிப்புள்ளி. இன்ஜின் நின்றதும் அந்த ஓட்டைகள் வழியாகச் சொட்டும் தண்ணீர், புகைத்துளை வழியாகக் கீழ் சிலிண்டருக்குள் இறங்கி ராத்திரி முழுக்க அங்கேயே நிற்கும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் கம்ப்ரஷன் ஏறியிருக்கும், காலைத் தொல்லை தீர்ந்திருக்காது.

அலுமினியம் ஏன் இப்படி அரிக்கிறது என்று கேட்பவர்களிடம் நான் ஆனோடைக் காட்டுவேன். கடல்நீரில் கிடக்கிற உலோகங்களில் எது முதலில் கரையத் தயாராக இருக்கிறதோ அது மற்றதைக் காப்பாற்றும். அதற்காகத்தான் இன்ஜினில் துத்தநாகக் கட்டியைத் திருகி வைக்கிறார்கள். அது கரைந்தால்தான் அது வேலை செய்கிறது. நம் ஆட்கள் அழகுக்காக இன்ஜினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். அண்ணனுடையதும் பளபளவென்று சாம்பல் நிறத்தில், வாங்கிய நாள் மாதிரியே புதுசாக இருந்தது. தகடுதான் அதற்குப் பதிலாகக் கரைந்திருக்கிறது.

ஹெட்டின் முகத்தை நேராக்க இயந்திரக் கடைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. நேர்விளிம்பு வைத்து, அடியில் 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்தேன். ஓர் ஓரத்தில் நுழைந்தது. தடித்த கண்ணாடிப் பலகையை மேசையில் வைத்து, அதன்மேல் தண்ணீரில் நனைத்த மணல்தாளைப் பரப்பி, ஹெட்டைக் கவிழ்த்து எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். அழுத்தக்கூடாது, ஹெட்டின் எடையே போதும். கொஞ்ச நேரத்தில் மேடான இடம் பளபளக்கும், பள்ளம் மங்கலாகவே இருக்கும். அந்த மங்கல் சுருங்கிச் சுருங்கி மறையும் வரை தேய்க்க வேண்டும். பிறகு புது கேஸ்கெட். போல்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் பாதி இறுக்கம், அடுத்த சுற்றில் முழு இறுக்கம். கை உணர்வை நம்பி இறுக்குகிற பெரிய மெக்கானிக்குகள் கிள்ளானில் உண்டு. நான் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஹெட்டைத் தொடமாட்டேன்.

டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டினோம். தாரை ஒரே சீர். இரண்டு சிலிண்டரும் 115க்குப் பக்கத்தில். ஹெட்டில் கை வைத்தால் எடுக்கத் தோன்றாத சூடு. அண்ணன் சிடிஐயைப் பற்றி அதன் பிறகு பேசவில்லை.

மறுநாள் ஜெட்டியில் அவருடைய படகிலேயே மாட்டி ஓட்டிப் பார்த்தோம். முனகல் இல்லை, சூடு இல்லை. ஆனால் திராட்டிலை முழுக்கத் திருகியும் சுற்று 4200ஐத் தாண்டவில்லை. அந்த இன்ஜின் 4500க்கும் 5500க்கும் நடுவில் ஓட வேண்டும். காற்றாடியில் பெயின்ட் கோடு போட்டேன், பிரியவில்லை. குமிழைப் பிசைந்தேன், ஏறவில்லை. அப்புறம்தான் படகிலிருந்து இறங்கிக் கரையில் நின்று அதைப் பார்த்தேன். ஆளில்லாமலே பின்பக்கம் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. தரைத்தளத்தைக் கைமுட்டியால் தட்டிக்கொண்டே போனேன். முன்னால் கணீரென்றது, நடுவைத் தாண்டியதும் பொத்பொத்தென்றது. தளத்துக்கு அடியில் மிதப்பதற்காக அடைத்திருக்கும் நுரை வருடக்கணக்கில் தண்ணீரைக் குடித்திருக்கிறது. இன்ஜினைப் பிடிக்கும் போல்ட் ஓட்டைகளின் ஓரத்தில் யாரும் சீலன்ட் வைக்கவில்லை, அந்த வழியாகத்தான் இறங்கியிருக்க வேண்டும். படகைக் கரையேற்றி, பின்பலகையின் அடியில் சின்னதாக ஒரு துளை போட்டேன். நூலளவுக்கு ஓட ஆரம்பித்த தண்ணீர் நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தேகம் தீர, அதே நீளமுள்ள பக்கத்துப் படகைக் கேட்டு வாங்கி, அதில் இன்ஜினை மாட்டினோம். சுற்று 5200.

"அப்போ இன்ஜின்ல கோளாறே இல்லையா தம்பி?" என்றார் அண்ணன்.

"இருந்துச்சுண்ணே, அதைப் பார்த்தாச்சு. இது படகோட கோளாறு. தளத்தைப் பிரிச்சு நுரையை அள்ளணும். அது நம்ம வேலையில்ல, ஃபைபர் பண்றவர்கிட்ட போகணும்."

அவர் படகைச் சுற்றி ஒரு நடை நடந்தார். துளையிலிருந்து இன்னும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "மேலால நல்ல பெயின்டா ஒண்ணு அடிச்சுட்டா நிக்காதா?" என்று கேட்டார்.